ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் விண்டோஸ் பூட் ஆகவில்லை: ஒரு ஸ்டூடியோ கம்ப்யூட்டரைச் சரிசெய்த பதிவு

பழனியில் என் அக்கா வீட்டுக்காரர் ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். அங்கே கல்யாண ஆல்பம் வேலைக்காக 2018-இல் நான் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திக்கொடுத்த அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஒன்று ஓடுகிறது. 2023-இல் அதன் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினோம். மாற்றியதும் பூட் ஆகாமல், அதாவது விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸே கிடையாது, விண்டோஸ் இருந்தது எஸ்எஸ்டி என்ற இன்னொரு வேகமான டிஸ்க்கில். அப்படியிருந்தும் நின்றது. எஸ்எஸ்டி ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று என்று இரண்டு டிஸ்க் போட்டிருக்கும் எந்த மிஷினிலும் இது வரலாம். அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் மிஷினைப் பற்றி. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், இரண்டு எம்.2 ஸ்லாட்டும் (எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடம்) ஆறு சாட்டா போர்ட்டும் (டிஸ்க்கைக் கேபிளில் மாட்டும் இடம்) உள்ள ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ் 10. படங்களுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க். இந்த 1 டிபி மட்டும் புதிதாக வாங்கியது இல்லை. ஸ்டூடியோவில் அதற்கு முன் இருந்த விண்டோஸ் 7 மிஷினிலிருந்து படங்களோடு அப்படியே கழற்றி மாட்டியது. அந்த மிஷினின் கிராஃபிக்ஸ் கார்டையும் கொஞ்ச காலம் இதில் பயன்படுத்தினோம். மிஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டில் ஓடும் நிரல் பயாஸ், அதன் புதிய வடிவம் யூஇஎஃப்ஐ. பழைய கார்டு என்பதால் யூஇஎஃப்ஐ முறையில் திரையே வரவில்லை. பழைய பயாஸ் முறையைப் போலச் செய்துகாட்டும் சிஎஸ்எம் என்ற அமைப்பை ஆன் செய்து, அந்த முறையிலேயே விண்டோஸ் 10-ஐ ஏற்றினேன். ஏற்றும்போது இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தன. பின்னால் வந்த சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்கியது.

ஐந்து வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் லைட்ரூமில் படம் திறக்க நேரமாகிறது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்று அத்தான் சொன்னார். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. 05 என்ற வரியிலும் சி5 என்ற வரியிலும் எண்கள் ஏறியிருந்தன. 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்). சி5 என்பது படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். இந்த மென்பொருள் அந்த மதிப்புகளை ஆரம்பத்தில் பதினாறடிமான எண்ணாகத்தான் காட்டும், செட்டிங்கில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால்தான் சட்டென்று புரியும். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, நேற்று இருந்ததைவிட இன்று கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடியிருந்தது. அதற்குமேல் தள்ளிப்போடவில்லை.

4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். 8,600 ரூபாய். அதோடு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியும் (எம்.2 ஸ்லாட்டில் செருகும் வேகமான வகை), 2,900 ரூபாய். 240 ஜிபியில் இடம் நெருக்கியதால், இதே கையோடு விண்டோஸையும் பெரிய எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடலாம் என்று திட்டம்.

படங்களைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. 4 டிபியைக் காலியாக இருந்த சாட்டா போர்ட்டில் மாட்டினேன். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்ததும் எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறைகள் இவை, முன்னது பழையது, பின்னது புதியது. இந்த அளவு டிஸ்க்குக்கு ஜிபிடிதான் கொடுக்க வேண்டும். எம்பிஆர் கொடுத்தால் விண்டோஸ் கணக்கில் 2048 ஜிபி மட்டும் பயன்படும், மீதி 1678 ஜிபி கறுப்புப் பட்டையாகக் கிடக்கும், அதை எதுவும் செய்ய முடியாது. விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் ஓடினாலும் ஜிபிடி டிஸ்க்கில் தகவல் வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து பூட் செய்வதற்கு மட்டும்தான் யூஇஎஃப்ஐ வேண்டும்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது இழுத்துப் போட்டுக் காப்பி செய்யக் கூடாது. ஒரு கோப்பு படிக்க முடியாமல் போனால் மொத்தமும் நின்றுவிடும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையைப் பயன்படுத்தினேன். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால், படிக்க முடியாத ஒவ்வொரு கோப்பையும் அது 10 லட்சம் முறை முயற்சி செய்யும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும். கெட்ட டிஸ்க்கை அப்படிப் போட்டு அடித்தால் மிச்சமிருக்கும் உயிரும் போய்விடும். மறுமுயற்சி ஒன்று, காத்திருப்பு ஒரு நொடி என்று குறைத்து, தவறியவற்றை லாக் கோப்பில் எழுதச் சொல்லி ராத்திரி ஓடவிட்டேன். காலையில் லாக்கைப் பார்த்தால் சில ரா கோப்புகள் (கேமராவின் மூலக் கோப்புகள்) மட்டும் வரவில்லை. எல்லாம் ஏற்கெனவே ஆல்பம் கொடுத்து முடித்த பழைய கல்யாணங்கள், அவற்றின் ஜேபெக் பிரதிகள் வந்திருந்தன.

"மாப்ள, படமெல்லாம் பத்திரமா இருக்குல்ல? அத மட்டும் சொல்லு."

"வந்துடுச்சு அத்தான். இனி இந்தப் பழைய டிஸ்க்கக் கழட்டிடலாம்."

கழற்றினேன். அதே போர்ட்டில் அதே கேபிளில் 4 டிபியை மாட்டி ஆன் செய்தேன். மதர்போர்டு லோகோ வந்தது, போனது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ். சரியான பூட் டிஸ்க்கைத் தேர்ந்தெடு என்று கேட்கிறது.

பூட் வரிசை மாறியிருக்கும் என்று நினைத்தேன். பயாஸுக்குள் போனால் அப்படித்தான் இருந்தது, புது 4 டிபி முதலிடத்தில் நின்றது. எஸ்எஸ்டியை மேலே கொண்டுவந்து சேமித்துவிட்டு மறுபடி ஆன் செய்தேன். அதே வரி. 4 டிபியைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்துப் பார்த்தேன். அதே வரி. பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர், அளவு எல்லாம் சரியாகத் தெரிகிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. உண்மையில், டிஸ்க்கின் பெயர் பயாஸில் ஒழுங்காகத் தெரியும்போது கேபிளைச் சந்தேகிக்க அதிகக் காரணம் இல்லை. கேபிள் கெட்டிருந்தால் பெரும்பாலும் பெயரே வராது, அல்லது வந்து வந்து போகும்.

அடுத்து, பயாஸ் செட்டிங்கைத் தக்கவைக்கும் சீமாஸ் பேட்டரியைக் கழற்றி பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனேன். இதனால்தான் பாதி நாள் வீணானது. ஒரு கோளாறைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கோளாறு ஒன்று சேர்ந்துகொண்டது, அது சேர்ந்ததும் அப்போது தெரியவில்லை. இந்த மதர்போர்டின் ஆரம்ப நிலையில் சிஎஸ்எம் ஆஃப். அதாவது யூஇஎஃப்ஐ முறையில் ஏற்றிய விண்டோஸ் மட்டும்தான் பூட் ஆகும், 2018-இல் பழைய முறையில் ஏற்றியது ஆகாது. இனி எந்த டிஸ்க்கை மாட்டினாலும் பூட் ஆகப் போவதில்லை என்ற நிலைக்கு மிஷின் வந்துவிட்டது.

அந்த நிலையில் விண்டோஸ் பென்டிரைவைப் போட்டு ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டினேன். சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டது. இப்போது யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. சிஎஸ்எம் ஆன் ஆகியிருந்தால் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரியும், ஒன்றில் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்றில் வெறும் பெயர். எந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த முறைக்கான பழுதுதான் அது பார்க்கும். எனக்கு யூஇஎஃப்ஐ வரி மட்டும்தான் இருந்தது. டிஸ்க்கோ பழைய முறைக்கான எம்பிஆர். பென்டிரைவால் பழுதுபார்க்கிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் ஒத்துப்பார்க்க வேண்டும்: டிஸ்க் எம்பிஆரா ஜிபிடியா, பென்டிரைவ் எந்த முறையில் பூட் ஆனது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வரும் பிழைச் செய்தி எதையும் நம்ப வேண்டாம்.

"பழைய டிஸ்க்க மறுபடி மாட்டிப் பாத்தியா?" என்று அத்தான் கேட்டார். அதில் விண்டோஸ் இல்லையே என்று சொல்லிக்கொண்டே மாட்டினேன். அப்போதும் பூட் ஆகவில்லை. கழற்றும்வரை ஓடிய மிஷின், அதே பாகங்களைத் திரும்ப வைத்தும் ஓடவில்லை என்றால், நடுவில் மாறியது பேட்டரியைக் கழற்றியதால் அழிந்த பயாஸ் செட்டிங் மட்டும்தான். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து சிஎஸ்எம்மைக் கண்டுபிடித்து ஆன் செய்தேன். விண்டோஸ் வந்துவிட்டது. பழைய டிஸ்க்கைக் கழற்றினேன், வரவில்லை. மாட்டினேன், வந்தது. அதற்குப் பிறகு ஊகிக்க எதுவும் இல்லை.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். பழைய 1 டிபியின் தலைமாட்டில் 100 எம்பிக்கு ஒரு சின்னப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி), பெயர் சிஸ்டம் ரிசர்வ்ட். அதன் கீழே சிஸ்டம், ஆக்டிவ் என்று எழுதியிருந்தது. எஸ்எஸ்டியில் சி பார்ட்டிஷனின் கீழே பூட், பேஜ் ஃபைல் என்று மட்டும் இருந்தது. பழக்கமில்லாதவர்களை இது குழப்பும். பூட் என்று குறித்திருப்பது விண்டோஸ் கோப்புகள் இருக்கும் இடம். சிஸ்டம் என்று குறித்திருப்பதுதான் மிஷின் ஆன் ஆனதும் முதலில் படிக்க வேண்டிய தொடக்கக் கோப்புகள் இருக்கும் இடம். ஆக்டிவ் என்பது பழைய முறையில் எந்தப் பார்ட்டிஷனிலிருந்து தொடங்க வேண்டும் என்ற குறி. இந்த இரண்டும் வேறுவேறு டிஸ்க்கில் இருந்தால், எதைக் கழற்றினாலும் மிஷின் நிற்கும்.

அந்த 100 எம்பி, விண்டோஸ் 7 காலத்தில் பழைய மிஷினில் உருவானது. 2018-இல் விண்டோஸ் 10-ஐ எஸ்எஸ்டியில் ஏற்றியபோது, முதல் டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு ஆக்டிவ் பார்ட்டிஷன் இருப்பதைப் பார்த்து, புதிதாக ஒன்று உருவாக்காமல் தன் தொடக்கக் கோப்புகளை அதிலேயே எழுதிவிட்டது. விண்டோஸ் ஏற்றும் முறையே அதுதான், அதில் பிழை சொல்ல முடியாது. இடையில் ஒருமுறை பெரிய அப்டேட் வந்தபோது, சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை என்று ஒரு செய்தி வந்ததை அத்தான் இப்போது நினைவுபடுத்தினார். விண்டோஸ் 7 ஒதுக்கிய 100 எம்பி பத்தாமல் வந்த செய்தி அது. அன்றைக்கே அந்தப் பார்ட்டிஷன் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பார்த்திருந்தால் எல்லாம் அப்போதே தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு என்விஎம்இயில் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருளின் லைசென்ஸ், ஃபோட்டோஷாப் ஆக்‌ஷன்கள், வருடக்கணக்கில் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டரின் கலர் புரொஃபைல் என்று ஸ்டூடியோ மிஷினில் மறுபடி அமைக்க வேண்டியவை நிறைய. முகூர்த்த சீசனில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. இருப்பதையே நகர்த்துவது என்று முடிவெடுத்தோம்.

என்விஎம்இயிலிருந்து பூட் செய்ய, பெரும்பாலான மதர்போர்டுகளில் யூஇஎஃப்ஐ முறை கட்டாயம். சிஎஸ்எம் வழியாகப் பழைய முறையில் தேடினால் அது பூட் பட்டியலிலேயே வராது. ஆகவே எம்பிஆரில் இருக்கும் எஸ்எஸ்டியை அப்படியே குளோன் செய்து (முழு நகல் எடுத்து) பயனில்லை. முதலில் அதை ஜிபிடியாக்க வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. தகவல் எதையும் அழிக்காமல் மாற்றும். மாற்றுவதற்கு முன் வேலிடேட் என்று கொடுத்தால், மாற்ற முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும்.

எஸ்எஸ்டி மேல் வேலிடேட் ஓட்டினேன். டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்டு என்றது. காரணம் மறுபடியும் அதே 100 எம்பிதான். மாற்ற வேண்டிய டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கக் கூடாது, அவற்றில் ஒன்று ஆக்டிவாக இருந்து தொடக்கக் கோப்புகள் அதில் இருக்க வேண்டும் என்பது இந்தக் கருவியின் நிபந்தனை. எஸ்எஸ்டியில் தொடக்கக் கோப்புகளே இல்லை. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன்: முதலில் எஸ்எஸ்டியைப் பழைய முறையிலேயே சொந்தக் காலில் நிற்கவைப்பது, அப்புறம் ஜிபிடியாக மாற்றுவது.

பழைய டிஸ்க், 4 டிபி இரண்டையும் கழற்றினேன். உள்ளே எஸ்எஸ்டி மட்டும். பூட் மெனுவில் பென்டிரைவின் இரண்டு வரிகளில் யூஇஎஃப்ஐ இல்லாத வரியைத் தேர்ந்தெடுத்தேன். மொழி கேட்கும் திரை வந்ததும் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். இங்கே டிரைவ் எழுத்துகள் வழக்கமானவையாக இருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷன் டி என்றும் வரலாம், இ என்றும் வரலாம். டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து லிஸ்ட் வால்யூம் கொடுத்து, அளவை வைத்து அடையாளம் கண்டு, வெளியே வந்து டிர் கொடுத்து விண்டோஸ் ஃபோல்டர் உள்ளே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டேன். எனக்கு சி என்றே வந்தது.

மறுபடி டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவ் என்று கொடுத்தேன். அப்புறம் தொடக்கக் கோப்புகளை எழுதும் கட்டளை. தமிழ் எழுத்தில் ஒலிப்படி தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ்

விண்டோஸ் எங்கே இருக்கிறது, தொடக்கக் கோப்புகளை எங்கே எழுத வேண்டும், எந்த முறைக்கு எழுத வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இதோடு நிறுத்தினால் போதாது. டிஸ்க்கின் முதல் செக்டரில் தொடக்க நிரல் இருந்தால்தான் பயாஸ் அதன் வழியாக உள்ளே வர முடியும். இந்த எஸ்எஸ்டியிலிருந்து இதுவரை எதுவும் நேராகப் பூட் ஆனதே இல்லை. ஆகவே பென்டிரைவின் பூட் ஃபோல்டரில் இருக்கும் பூட்செக்ட் கருவியை, என்டி60 என்ற தேர்வோடும் எம்பிஆர் என்ற தேர்வோடும் சி மேல் ஓட்டினேன். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன். எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் மிஷினில் விண்டோஸ் வந்தது. வெறும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் இங்கேயே வேலை முடிந்தது. 4 டிபியை மாட்டி, பழையதற்கு இருந்த டி என்ற எழுத்தையே அதற்குக் கொடுத்தேன். லைட்ரூம் கேட்டலாகில் படங்களின் பாதை அப்படியே பொருந்தியது. அத்தான் அன்றைக்கே ஓர் ஆல்பத்தை அனுப்பிவிட்டார்.

அடுத்த பகுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மாற்றுவதற்கு முன் எஸ்எஸ்டி முழுவதையும், டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்ஜில்லாவால் இமேஜாக எடுத்து 4 டிபியில் வைத்துக்கொண்டேன். அதற்கும் முன்னால் ஹைபர்னேட்டை ஆஃப் செய்ய வேண்டும், அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் ஆஃப் ஆகிவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, குளோன்ஜில்லா அந்தப் பார்ட்டிஷனைத் தொட மறுக்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் அதை முதலிலேயே நிறுத்திவைத்து, ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்வது அவசியம். இந்த மிஷினில் அது இல்லை.

இப்போது வேலிடேட் தடையில்லாமல் போனது. கன்வர்ட் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு உள்ளேயிருந்தே செய்வதாக இருந்தால் அலவ்ஃபுல்ஓஎஸ் என்ற தேர்வையும் சேர்க்க வேண்டும். தொடக்கக் கோப்புகளுக்கு சியின் வால்பக்கத்தில் கொஞ்சம் வெட்டி 100 எம்பிக்கு ஒரு யூஇஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கியது. சில நிமிடத்தில் முடிந்து, இனி பயாஸை யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றினால்தான் பூட் ஆகும் என்று கடைசி வரியில் சொன்னது. பயாஸில் சிஎஸ்எம்மை ஆஃப் செய்தேன். பூட் பட்டியலில் எஸ்எஸ்டியின் பெயர் இருந்த இடத்தில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று வந்தது, அதன் வழியே விண்டோஸும் வந்தது. பழைய கிராஃபிக்ஸ் கார்டு இன்னும் உள்ளே இருந்திருந்தால் இந்த இடத்தில் திரை இருண்டிருக்கும். 2019-இலேயே அதை எடுத்துவிட்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போட்டிருந்தோம். ரெக்கவரி வசதி வேலை செய்கிறதா என்று ரீஏஜென்ட்சி கட்டளையால் பார்த்து, ஒருமுறை டிசேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்துகொண்டேன்.

என்விஎம்இயை மாட்டுவதில் இரண்டு சின்னச் சிக்கல். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் உள்ள வழக்கமான அளவுதான். ஆனால் அதைப் பிடித்துவைக்கும் பொடித் திருகு மதர்போர்டு பெட்டியில் இல்லை, எஸ்எஸ்டியோடும் வரவில்லை. லேப்டாப் சர்வீஸ் கடையில் 50 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். திருகு இல்லாமல் செலோடேப் ஒட்டி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சூட்டில் பசை இளகிவிடும், அதைச் செய்ய வேண்டாம். இரண்டாவது, முதல் எம்.2 ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருந்ததால், கார்டைக் கழற்றாமல் கீழே இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் சாய்வாகச் செருகி அழுத்தித் திருகினேன். ஆன் செய்தால் 4 டிபியைக் காணோம்.

இந்த முறை நேராக மதர்போர்டின் கையேட்டை எடுத்தேன். எந்த எம்.2 ஸ்லாட் நிரம்பினால் எந்த சாட்டா போர்ட் செயலிழக்கும் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. இரண்டாவது ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் 5, 6 ஆகிய சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது என்று தெளிவாக எழுதியிருந்தது. 4 டிபி 5-இல் இருந்தது. 2-க்கு மாற்றினேன், வந்துவிட்டது. எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று புலம்பும் பலருக்கு இதுதான் நடந்திருக்கும். போர்டுக்குப் போர்டு இது மாறும். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

குளோன்ஜில்லாவில் டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு என்று தேர்ந்தெடுத்தேன். மூலம் எஸ்டிஏ, போக வேண்டிய இடம் என்விஎம்இ0என்1. பெயரை மட்டும் நம்பாமல், 240 ஜிபி எது 500 ஜிபி எது என்று அளவையும் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுத்தேன். அது திரும்பத் திரும்பக் கேட்பது இந்தக் காரணத்துக்காகத்தான், திசை மாறினால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். முடிந்ததும் மிஷினை அணைத்து, பழைய எஸ்எஸ்டியின் கேபிளைப் பிடுங்கிய பிறகே ஆன் செய்தேன். குளோனும் மூலமும் ஒரே அடையாள எண்ணைச் சுமந்திருக்கும். இரண்டும் ஒன்றாக மாட்டியிருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், எதிலிருந்து பூட் ஆனது என்பதும் குழம்பிவிடும்.

நீலத்திரை வந்தது. இன்னாக்ஸஸபிள் பூட் டிவைஸ். டிஸ்க்கைப் பயாஸ் பார்க்கிறது, தொடக்கக் கோப்புகளும் ஓடுகின்றன, ஆனால் விண்டோஸ் எழும் கட்டத்தில் என்விஎம்இக்கான டிரைவரை (அதை இயக்கும் நிரலை) ஏற்றவில்லை. இதுவரை சாட்டாவிலேயே வாழ்ந்த விண்டோஸ், அந்த டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டியவற்றின் பட்டியலில் வைத்திருக்காது. ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றினால் இது தானாகச் சரியாகிவிடும், ஏனென்றால் சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்கள் எல்லாம் ஏற்றப்படும். பென்டிரைவை யூஇஎஃப்ஐ வரியில் பூட் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் பிசிடிஎடிட் கருவியால் டிஃபால்ட் பதிவுக்கு சேஃப்பூட் மினிமல் என்று குறித்தேன். சேஃப் மோடில் விண்டோஸ் எழுந்தது. உள்ளே போய் அந்தக் குறிப்பை டெலீட்வேல்யூ மூலம் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். எடுக்க மறந்தால் எப்போதும் சேஃப் மோடிலேயே எழும். இதற்கு முன்னால் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்க பின் மட்டும் தெரிந்தவர்கள் சேஃப் மோடில் வாசலிலேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு.

வழக்கமான முறையில் விண்டோஸ் வந்தது. ஆக்டிவேஷன் கேட்கவில்லை. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டியிருப்பதால் டிஸ்க் மாறினால் அது போகாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிய எஸ்எஸ்டியின் கடைசியில் 242 ஜிபி காலியாக நின்றது. சியை நீட்டலாம் என்றால் நடுவில் அந்த 100 எம்பி யூஇஎஃப்ஐ பார்ட்டிஷன் மறிக்கிறது. அதை நகர்த்தும் ஆபத்தை எடுக்காமல், காலி இடத்தை எஃப் என்று தனிப் பார்ட்டிஷனாக்கி லைட்ரூம் கேஷ், ஃபோட்டோஷாப் ஸ்கிராட்ச் இரண்டையும் அங்கே மாற்றிவிட்டேன். சியில் இருந்த நெருக்கடி அதனாலேயே தீர்ந்தது.

செலவுக் கணக்கு: 4 டிபி ஹார்ட் டிஸ்க் 8,600, என்விஎம்இ எஸ்எஸ்டி 2,900, சாட்டா கேபிள் இரண்டு 160, புதிய சீமாஸ் பேட்டரி 40, திருகுப் பொட்டலம் 50. மொத்தம் 11,750 ரூபாய். கேபிள் இரண்டும் தேவைப்படவில்லை, கடையில் உதிரியாகக் கிடக்கின்றன. பேட்டரி வீண் இல்லை, பழையதை மல்டிமீட்டரில் வைத்தால் 2.7 வோல்ட்தான் காட்டியது, புதியது 3-க்கு மேல் இருக்கும்.

இனி எந்த மிஷினிலும் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சிஸ்டம் என்ற சொல் எந்த டிஸ்க்கின் கீழே இருக்கிறது என்று பார்த்துவிடுவேன். விண்டோஸ் ஏற்றும்போது ஏற்ற வேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிளையும் பிடுங்கிவிடுவேன், ஏற்றி முடித்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவதற்கு முன் பூட், சாட்டா, சிஎஸ்எம் பக்கங்களை மொபைலில் படம் எடுத்துவைப்பேன். சாட்டா கேபிள் ஒவ்வொன்றிலும் போர்ட் எண்ணை எழுதி ஒட்டுவதை இந்த மிஷினிலேயே தொடங்கிவிட்டேன்.

பழைய 240 ஜிபி எஸ்எஸ்டி நல்ல நிலையில் இருக்கிறது. புதியது ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை அதைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன். அதிலும் ஒரு விண்டோஸ், ஒரு தொடக்கப் பார்ட்டிஷன் இருப்பதால் அப்படியே உள்ளே மாட்டக் கூடாது. யூஎஸ்பி அடாப்டர் வழியாக வேறொரு லேப்டாப்பில் செருகி, டிஸ்க்பார்ட்டில் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கிளீன் கொடுத்து பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கிய பிறகு கேமரா கார்டுகளை இறக்கிவைக்கும் டிஸ்க்காக அத்தானிடம் கொடுத்துவிட்டேன்.